பதிமூன்றாவது வளைவு

நாலு ரோடு மருந்துக்கடையில்
சூப்பான் என்றேன். பையனுக்குப் புரியவில்லை.
விரலைக் குவித்து வாயருகே காட்டினேன்.
"நிப்பிளாக்கா?" என்று
இருமல் மருந்துக்குப் பின்னாலிருந்து எடுத்தான்.
எழுபது ரூபாய். நீலம் மட்டும்தான் இருந்தது.

அன்று ஆதிரைக்குப் பதினேழு நாள்.
ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பித்தால்
ஜங்ஷனில் கோயமுத்தூர் வண்டி ஊதிப் போகும்வரை அழுவாள்.
பால் வேண்டாம். தோள் வேண்டாம்.
துணி காய்ந்தே இருக்கும்.
எதற்கு என்று கேட்டால் அதற்கும் அழுவாள்.

"பாலில்லாத ஒன்றை வாயில் வைத்து
பால் மாதிரி நம்பவைக்கிறதா?
பிறந்த மாசமே பொய்யா?" என்றார் மாதையன்.
ஏற்காட்டு மின்வாரியத்தில் வேலை அவருக்கு.
ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பவர்
ஞாயிறு மட்டும் தூங்காமல் இருந்துவிட்டு
இதைச் சொன்னார்.

கீழ்வீட்டு பியூலா அக்கா சொன்னது வேறு.
"மூணு பேருக்கும் கொடுத்தேன்டி.
நடுவுலவனுக்குப் பல்லு தூக்கிக்கிச்சு.
அவனுக்குத்தான் பேங்க்ல வேலை."

டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒரு மாசம் போகட்டும்.
முதல்ல உன்கிட்ட நல்லாக் குடிக்கப் பழகட்டும்.
பசியான்னு பாரு, வலியான்னு பாரு,
ஒண்ணும் இல்லைன்னா கொடு.
தேன்ல தோய்க்காதே. கயிறு கோத்துக் கழுத்துல மாட்டாதே."
"கொடுக்காமலே இருந்தால்?"
"கொடுக்காமலே இரு."
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

கொதிக்கவைத்த சூப்பான்
மூடிபோட்ட டம்ளரில் உட்கார்ந்திருந்தது.
ஒரு மாசம் போனது. இரண்டும் போனது.
ஒவ்வொரு ராத்திரியும் மூடியைத் திறப்பேன்.
மூடுவேன்.
ஒருநாள் மூன்று மணிக்கு
அதை என் வாயில் வைத்துப் பார்த்தேன்.
ருசியில்லை. ஒன்றும் வரவில்லை.
வராத ஒன்றைச் சப்பிக்கொண்டே
சுவரில் சாய்ந்து
எப்போது தூங்கினேன் என்று தெரியாது.
காலையில் மறுபடி கொதிக்கவைத்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் மாசம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.
பாய், குக்கர், தொட்டில் கம்பி,
இரண்டு மூட்டையோடு ஏற்காடு பஸ்.
அடிவாரம் வரை நல்ல பிள்ளை.
நான்காவது வளைவில் என் காது அடைத்தது.
ஐந்தில் அவள் அலறினாள்.
அது ராத்திரி அழுகை இல்லை, எனக்குத் தெரியும்.
இதற்குக் காரணம் இருந்தது,
அவளிடம்தான் வார்த்தை இல்லை.

"பால் குடுங்கம்மா, முழுங்கினா காது விட்டுடும்"
கண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்.
முந்தானைக்குள் அணைத்தேன்.
பஸ் இடப்பக்கம் சாய்ந்தால் முகம் வலப்பக்கம் போனது.
பிடித்தாள், விட்டாள், வீறிட்டாள்.
ஆரஞ்சுக் கூடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு
நாகரிகமாக மலையைப் பார்த்தார்.

எட்டாவது வளைவு.
பையில் டம்ளர் தட்டுப்பட்டது.
மாதையனைப் பார்க்காமல் கொடுத்தேன்.

முதலில் நாக்கால் தள்ளினாள்.
பிறகு யோசித்தாள்.
பிறகு அந்த நீல வட்டம்
மேலும் கீழும் ஏறி இறங்க
நெற்றிப்பொட்டில் நரம்பு துடித்தது.
பத்தில் அழுகை விம்மலானது.
பதினொன்றில் என் காதுக்குள் டப்பென்றது,
அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்,
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
சிரிக்க வாய் திறந்ததும்
சூப்பான் ஜன்னலுக்கு வெளியே போனது.

தடுப்புச் சுவரில் இருந்த குரங்கு
அதை எடுத்து முகர்ந்து
ஒரு கடி கடித்துத்
தூக்கி எறிந்தது.
நாங்கள் மூன்று மாசம் பேசியதை
அது ஒரு நொடியில் தீர்த்துவிட்டது.

பன்னிரண்டில் மறுபடி அழுகை.
பஸ்ஸே எங்களைப் பார்த்தது.

மாதையன் சட்டைப்பையில் கைவிட்டார்.
வெள்ளைக் கைக்குட்டை.
அதற்குள் பாலித்தீன் உறை.
அதற்குள் ஒரு டப்பா.
அதற்குள்
பச்சை நிறத்தில் ஒன்று.

"எப்போ வாங்கினீங்க?" என்றேன்.

அவர் வெளியே
மஞ்சள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.
"பதிமூணு" என்றார்.