கொப்பியில் விலை இல்லை

காலை ஆறரைக்கு அக்கரைப்பற்றுக்கு ஒரு கோல்.
"உவைஸ் காக்கா, பருப்பு?"
அந்தப் பக்கம் கல்குலேட்டர் தட்டும் சத்தம்,
பிறகு ஓர் இருமல்.
இருமினால் ஏறியிருக்கு.

போன கிழமை இறக்கிய மூட்டையில்
இன்னும் பதினெட்டுக் கிலோ கிடக்கு.
வாங்கின விலை ஒன்று,
அடுத்த மூட்டைக்குக் கொடுக்கப்போகும் விலை இன்னொன்று.
இன்றைக்கு விற்கும் விலை
எந்தத் தாளிலும் இல்லை.
பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பழைய விலைக்கு அள்ளிக் கொடுத்தால்
மூட்டை முடிகிற அன்று
முக்கால் மூட்டைக்குத்தான் கையில் காசிருக்கும்.
புது விலையைச் சொன்னால்
"பழைய சாமான்தானே கா, நேசம்?" என்பாள் திலகராணி.
மறுக்க ஏலாது.
மூட்டையை ஓட்டோவிலிருந்து இறக்கித் தந்தவன்
அவளுடைய மகன்.

நடுவில் ஒன்றைப் போட்டேன்.
எனக்கு நட்டம், அவளுக்குக் கோபம்.
தம்பிலுவிலில் அன்றைக்குப் பருப்பு அந்த விலை.

பால்மாவில் கை வைக்க ஏலாது,
கொம்பனிக்காரனே பக்கெட்டில் அடித்துவிடுகிறான்.
அதை வெட்டி
ஐம்பது ஐம்பது கிராமாய்ப் பையிலிட்டு
மெழுகுதிரி நெருப்பில் வாய் ஒட்டினால்
அந்தச் சின்னப் பையில் யாரும் ஒன்றும் அடித்திருக்கமாட்டார்கள்.
பைக்கு ஒரு காசு, திரிக்கு ஒரு காசு,
சுட்ட விரலுக்கு ஒரு காசு.
முழுப் பக்கெட் வாங்க வக்கில்லாதவள்தான்
கிராமுக்குக் கூடக் கொடுக்கிறாள்.
கரண்ட் போன ஓர் இரவில்
இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பிறகு போடவில்லை.
வெட்டுகிறதை நிறுத்தவும் இல்லை.

நான் தோற்றது கடன் கொப்பியில்.

புஸ்பகாந்தி ஒரு கிலோ வாங்கினபோது
இருநூற்றி எண்பது.
மூன்று மாதம் கழித்து
புருஷன் கட்டாரிலிருந்து அனுப்பிய அன்றே வந்து
இருநூற்றி எண்பதையும் எண்ணி வைத்தாள்.
தன் பெயரின் மேல் நான் கோடு கீறும்வரை நின்று பார்த்தாள்.
கடன் இல்லாத நடை நடந்து போனாள்.
அன்றைக்குப் பருப்பு அறுநூறு.
அவள் தந்த காசில் அரைக் கிலோகூட வராது.
ஒரு சொல் சொல்ல வாயில்லை எனக்கு,
எழுதியது என்னுடைய கையெழுத்து.

அடுத்த நாள் புதுக் கொப்பி.
பருப்பு ஒன்று. சீனி அரை.
தேங்காய் எண்ணெய் ஒரு கால் போத்தல்.
விலை நிரல் இல்லை.
முதல் பக்கத்தில் பெரிதாய் எழுதினேன்:
தருகிற அன்று என்ன விலையோ, அந்த விலை.

முணுமுணுத்தார்கள்.
தபால் கந்தோர்க் குணரெத்தினம்
"இது கடையா, நெல் வட்டியா?" என்று கேட்டுவிட்டு
இரண்டு கிலோ சீனி எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

பிறகு ஒரு காலை
உவைஸ் காக்கா இருமவில்லை.
மறுநாளும் இருமவில்லை.
அறுநூறு நானூற்றி ஐம்பதாகி,
முந்நூற்றிப் பத்தில் வந்து நின்றது.

அன்றைக்குப் பின்னேரம் படலையில் ஆட்கள்.
மாதக்கணக்காய் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போனவர்கள்,
கோயிலில் கண்டும் காணாமல் திரும்பியவர்கள்,
குணரெத்தினம் குடையோடு.
எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி:
"இண்டையான் விலதானே?"

இந்தப் பருப்பையெல்லாம் நான் வாங்கியது
இருமிய நாட்களில்.
முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
எழுத்து அப்படியே இருந்தது,
அதை மட்டும் பேனையால் எழுதியிருந்தேன்.

"ஓம். இண்டையான் விலதான்."

கடைசியாய் வந்தவள் திலகராணி.
நாலு கிலோக் கடனை முந்நூற்றிப் பத்துப்படி தீர்த்தாள்.
மிச்சக் காசுக்குச் சில்லறை இல்லை,
இரண்டு ரொபி கொடுத்தேன்.
ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு
"இன்னொரு கிலோ எழுதன் கா" என்றாள்.

"விலைய எழுதவா, கிலோவ எழுதவா?"

அவள் உடனே சொல்லவில்லை.
ரொபியை ஒரு கன்னத்திலிருந்து
மற்றக் கன்னத்துக்கு மாற்றினாள்.
தராசைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள்.

"உவைஸ் காக்கா
இண்டைக்குக் காலம்பற இருமினவரோ?"

நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.