மஞ்சள் ஒட்டு

நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள்.
என்னையும் சேர்த்து ஐந்து பேர்.
என்னைக் கணக்கில் சேர்க்கக் கூடாது,
காலுறை நனைந்து
ஹீட்டர் இருக்கும் இடம் தேடி நூலகத்துக்குள் வந்தவன்.

வெளியே டுலூத்.
ஏரி அனுப்புகிற பனியையெல்லாம்
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிற ஊர்.
அதை வழித்துத் தள்ளுவது என் வேலை,
இருபத்திரண்டு வருடமாக.
வழித்த இடத்தில் மறுபடி விழும்.
புகார் இல்லை. சம்பளமே அதற்குத்தான்.

முன்னால் ஒரு பெண்மணி,
அறுபது இருக்கும், கையில் ஊன்றுகோல்.
பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவராம்.
பதினொரு புத்தகம். ஒன்றின் பெயரும் நான் கேட்டதில்லை.
வாசித்தார்:
வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒருத்தி
பேருந்து நிலையத்தில்
எந்திரத்துக்குள் சிக்கிக்கொண்ட சிப்ஸ் பொட்டலத்துக்காக
கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டுகிறாள்.
அது விழவில்லை.
அவள் நிறுத்தவுமில்லை.
அவ்வளவுதான். மூடிவிட்டார்.

முதல் வரிசையில்
பல்லுக்குக் கம்பி கட்டிய பெண் எழுந்தாள்.
ரோவன் கோஸ்கி என்று பெயர் சொன்னாள்,
சாட்சிக் கூண்டில் சொல்வதுபோல.
"கடைசிப் பக்கத்துல அவளை அங்கேயே விட்டுட்டீங்க.
பஸ் வந்துச்சா இல்லையா?
நாலு தடவை படிச்சேன்.
நாலு தடவையும் வரல."

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டிக்கொள்ளவில்லை.
"எனக்கும் வரலை" என்றார்.
"நடந்துதான் போனேன்.
அதை எழுதினா
கால் வலியைப் பத்தியே முந்நூறு பக்கம் வந்துச்சு.
பதிப்பாசிரியர் வெட்டிட்டார்."

நாங்கள் நாலு பேர் சிரித்தோம்.
ரோவன் சிரிக்கவில்லை.
"அந்த முந்நூறு பக்கம் இப்ப எங்க?"

"கராஜில். பூனை அதுமேல குட்டி போட்டுருச்சு."

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதுகில் மஞ்சள் ஒட்டு ஒட்டிய அலமாரி அது.
அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.
முத்தமும் ரத்தக் காட்டேரியுமாக இருக்கும் என்று நினைப்பு.
கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.
புத்தகத்தை நீட்டினேன்.
"மகளுக்கா?" என்றாள் கவுண்டரில் இருந்தவள்.
ஆமாம் என்றுவிட்டேன்.
எனக்கு ஏது மகள்.

உப்பு லாரி வரும்வரை காத்திருக்க வேண்டும்,
விடிகாலை மூன்றிலிருந்து நாலரை வரை.
வண்டிக்குள் சின்ன விளக்கு.
ஒரு கையுறையைக் கழற்றினால்தான் பக்கம் திரும்பும்.
ஆறு நாளில் முடித்தேன்.
ரோவன் சொன்னது சரி.
பஸ் வரவில்லை.

பதினேழில் நானும் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தேன்.
பஸ் வந்தது.
கதவு திறந்தது.
டிரைவர் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்,
மறுபடி என்னைப் பார்த்தான்.
இந்த மாதிரி முடிவை
எந்த அலமாரியில் தேடுவது?

பிறகு வரிசையாக எடுத்தேன்.
ஒருவர் பொய் சொல்கிறவர்களை நன்றாக எழுதுகிறார்.
ஒருவருக்கு அப்பாக்கள் மட்டும் வரவே வராது,
எல்லா அப்பாவும் ஒரே ஸ்வெட்டர்.
இன்னொருத்தி, இருபத்துமூன்று வயதுதானாம்,
அண்ணன் இறந்த வீட்டில்
குளிர்பெட்டி போடும் சத்தத்தை எழுதியிருந்தாள்.
அன்று மூன்றாவது அவென்யூவை
நான் வழிக்கவே இல்லை.
இரண்டு புகார் வந்தது.

ஒருநாள் அலமாரி முன்னால் ரோவன்.
"ஹீட்டர் ஆள்தானே நீங்க?"
என் கையிலிருந்ததைப் பிடுங்கி உள்ளே செருகினாள்.
"இது நடுவுல தொய்யும்."
வேறொன்றைத் தந்தாள்.
நடுவில் தொய்யவில்லை. முடிவில்தான் அழவைத்தது.
முன்பே சொல்லியிருக்கலாம்.

இப்போது பேருந்து நிலைய வாசலைத்தான்
முதலில் வழிக்கிறேன்.
எங்கள் பட்டியலில் அது ஏழாவது.
கேட்டால், சரிவு அதிகம் என்பேன்.
அங்கே சரிவே கிடையாது.

போன வாரம் கவுண்டரில்,
"உங்க மகளுக்குப் பிடிச்சுதா?" என்றாள்.
"பிடிச்சிருக்கு.
அந்த பஸ் விஷயத்துல மட்டும் இன்னும் கோபமா இருக்கா."
"என்ன வயசு?"
பதினேழு என்றேன், யோசிக்காமல்.
அடுத்து பெயரைக் கேட்டுவிடுவாளோ என்று
அட்டையைத் திருப்பி
விலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.