பதினான்கு பக்கம்

பாம்பன் பஸ் நிறுத்தத்தில் என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் என்றால் மூன்று.

கச்சான் காற்று மணலை வாரி அடித்த ஒரு மத்தியானம்
சின்னப்பாலத்து நம்பு ஈஸ்வரி வந்தாள்,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் காயாமல்.
"நம்ம பாசியப் பத்தி எழுதியிருக்காகளாம்,
எடுத்துக் குடுங்க."

தேடினேன். இருந்தது.
மரிக்கொழுந்துப் பாசிக்கு லத்தீனில் வேறு பேர்.
அவள் முங்கும் பாருக்குப் பேரே இல்லை,
அட்சம், தீர்க்கம் என்று இரண்டு எண்கள்.
நிதி கொடுத்தது அரசுத் துறையாம்.
அவள் சோப்பிலும் தீப்பெட்டியிலும் போன வரி
அதில் எத்தனை பைசாவோ.

எட்டு வரிதான் தெரிந்தது.
அப்புறம் ஒரு சின்னப் பூட்டுப் படம்.
மொத்தம் பதினான்கு பக்கம்,
என் ரேட்டில் இருபத்தெட்டு ரூபாய்.
அவர்கள் கேட்டது முப்பத்தொன்பது டாலர்.
ரூபாயாக்கிச் சொன்னேன்.
"பன்னெண்டு நாள் பாசி" என்றாள்
நான் கால்குலேட்டரை அணைக்கும் முன்பே.

நாலு வருஷம் வந்தார்கள் அந்தப் படிப்பாளிகள்.
பாரின் மேல் கம்பிச் சட்டத்தை இறக்குவார்கள்.
காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு
கீழே போய்
சட்டத்துக்குள் எத்தனை கொத்து என்று எண்ணியவள் இவள்.
மேலே வந்ததும் முதலில் எண்ணைச் சொல்வாள்.
மூச்சு வாங்குவது அதற்குப் பிறகு.

இப்போது வனத்துறை சொல்கிறது:
நீங்கள் பிடுங்குவதால்தான் அழிகிறது,
ஆய்விலேயே இருக்கிறது.
"எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாக்கணும்ல?"

எழுதியவருக்கு மெயில் போட்டேன்.
விடுப்பில் இருப்பதாக இயந்திரம் பதில் சொன்னது.

திங்கட்கிழமை ராமநாதபுரம், குறைதீர் கூட்டம்.
மனு எழுதினவன் என்று நானும் போனேன்.
டோக்கன் நூற்றுப் பதினேழு.
அதிகாரி தலை நிமிராமல் கையை நீட்டினார்.
அவள் மனுவைக் கொடுக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தாள்:
"மொத வருசம் தை மாசம், தீவுக்கு மேக்க,
மொதச் சட்டத்துல முப்பத்தாறு கொத்து.
மாசியில இருபத்தொம்பது.
பாசிக்கு நாங்க போகாத சித்திரையில பதினொண்ணு.
அந்தச் சித்திரையில தண்ணி கொதிச்சுச்சு சார்,
பாரே வெளுத்துப்போச்சு."

பேனா நின்றது.
"இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்காம்மா?"

"இருக்கு சார், பூட்டிக் கெடக்கு.
நீங்க தொறந்தீகன்னா
எனக்கும் ஒரு ஜெராக்ஸ்."

நூற்றுப் பதினெட்டு என்று யாரோ கூப்பிட்டார்கள்.
அவள் நகரவில்லை.
இரண்டாம் வருஷத்துத் தையை எடுத்தாள்.