ஒப்படைப்புக்கு முன்

மார்ச் முப்பத்தொன்று, காலை ஒன்பது மணி.
சாவி வாங்க ஏஷ்லிமான் அம்மணி வருவார்.
ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் ஏழு வருடம்
நாங்கள் இரண்டு பேர் ஒரே வாடகை.
ஒரு மாதமாய்க் கதை இல்லை.

கைகழுவும் தொட்டியின் விளிம்பில்
ஒரு பிராங்க் குற்றி அளவுக்குச்
சில்லு பெயர்ந்திருந்தது.
ஹேர் ட்ரையர் உன்னுடையது என்றேன்.
அதை ஈர விளிம்பில் வைத்தது யார் என்றாள் துஷ்யந்தி.
இரண்டையும் சுவருக்குத்தான் சொன்னோம்.
புதுத் தொட்டி அறுநூற்றைம்பது.
பொருத்துகிறவன் கூலி வேறு.

சனி, கடை பூட்டப் பத்து நிமிடம்.
ஒரு தட்டு முழுக்க எபோக்சி.
ஐந்து நிமிடத்தில் இறுகுவது,
அவசரம் முடிந்து மஞ்சளாகிப்போகும்.
களிபோல் பிசைவது, ஒழுகும் குழாய்க்கு.
நீராய் ஓடுவது,
மேசைப் பலகைக்குள் காய்ந்த பூவை உறைய வைக்க.
எனக்கு வேண்டியது தேன் பதம்,
சரிவில் வழியாமல் நின்று
ஒரு நாள் எடுத்து இறுகுவது.
இருபத்துமூன்று பிராங்க் எண்பது.

ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒன்று.
மாத் தராசில் தயிர்க் கோப்பையை வைத்து
கிராம் கிராமாய் நிறுத்து
மூன்று நிமிடம் கிண்டினேன்.
இரண்டும் கலந்தால் இனிப் பிரிவில்லை என்று
இந்த இடத்தில் ஓர் உவமை வந்து நிற்கும்.
நின்றது.
ஞாயிறு காலை விரலால் தொட்டேன்,
பலாப்பால் மாதிரி ஒட்டியது.

அசிட்டோன் மணத்துக்குக் கதவு திறந்தது.
துஷ்யந்தி டப்பாவைத் திருப்பி
எறும்பெழுத்து ஜெர்மனை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"கனவளவு. நிறை அல்ல."
ஒரு மாதத்தில் என் முகத்துக்கு அவள் சொன்ன
முதல் வார்த்தைகள் இவை.

அவள் பல் வைத்தியரிடம் வேலை.
கைப்பைக்குள் ஊசியில்லாத சிரிஞ்சுகள் இருந்தன.
நான்கு மில்லிலீட்டர், இரண்டு மில்லிலீட்டர்.
"கையுறை போடு. தோலில் பட்டால் சொறியும், பிறகு எப்போதும் சொறியும்."
உடைந்த வாயை உப்புத்தாளால் உரசி
"வழுவழுப்பில் எதுவும் பிடிக்காது" என்றாள்.
வெள்ளைச் சாயத்தை நான் தாராளமாய்ப் போடக் கை நீட்ட,
தடுத்தாள்.
"வெள்ளை என்று ஒரு நிறம் இல்லை.
இந்தத் தொட்டி
கோப்பி குடிக்கிற ஆளின் பல்."
ஊசிமுனை சாம்பல், அதிலும் பாதி மஞ்சள்.
தோய்த்துப் பார்த்தாள், தலையாட்டினாள்,
இன்னும் ஒரு பொட்டு.

வெப்பமூட்டியை முதல் நாளே நிறுத்தியிருந்தார்கள்.
குளியலறையில் பதின்மூன்று பாகை.
குளிரில் இறுகாது, குமிழும் போகாது.
நான் டார்ச் பிடித்தேன்,
அவள் ஹேர் ட்ரையரை எடுத்தாள்,
அதே ஹேர் ட்ரையர்,
தூரத்தில் பிடித்து இலேசாக ஊத
குமிழ்கள் ஒவ்வொன்றாய் மேலே வந்து உடைந்தன.
யாரும் சிரிக்கவில்லை.
வயரை மட்டும்
இரண்டு சுற்று தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

திங்கள் இரவு, ஈரத்தில் தேய்ப்பு.
நானூறு, எண்ணூறு, இரண்டாயிரம்.
தாள் மாற்றும்போது அவள் கையை நீட்டுவாள்,
நான் கொடுப்பேன்.

செவ்வாய். ஏஷ்லிமான் அம்மணி
அடுப்புக் கம்பியை முகர்ந்தார்,
ஷவர் தலையில் சுண்ணாம்பு சுரண்டினார்,
காலண்டர் ஆணி ஓட்டைக்கு
நாற்பது பிராங்க் எழுதினார்.
குளியலறைக்கு வந்ததும்
பேனாவைக் கீழே வைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.
வைத்தது அந்த இடத்தில்,
சரியாக அந்த இடத்தில்.
பேனா உருளவில்லை.
நாங்கள் இருவரும் பேனாவையே பார்த்தோம்.
நாற்பதையும் துஷ்யந்தி கட்டினாள்.
"ஆணி என்னுடையது."

அவள் பாசலுக்கு, நான் தூனுக்கு.
மூன்றாம் வாரம்
சமையலறைப் பெட்டியின் அடியில்
பாத்திரங்களுக்கு நடுவே
கலந்து மிஞ்சிய தயிர்க் கோப்பை,
கல்லாகி, ஐஸ் குச்சி நட்டபடி.
பக்கத்தில் மார்க்கர் எழுத்து:
கனவளவு. நிறை அல்ல.
என் பெட்டிக்குள் எப்போது வைத்தாள் தெரியாது.

குச்சியைப் பிடித்துத் தூக்கினேன்.
கோப்பையும் கூடவே வந்தது.