கயிறு போட்டு இழுத்தது

தடைக்காலத்தின் பன்னிரண்டாம் நாள்.
மண்டபம் ஐஸ் கம்பெனியில் ஒரு பாரும் உறையவில்லை.
போட்டெல்லாம் கரையேறி
அடிவயிற்றைக் காட்டிக் கிடந்தன.
கணக்கெழுதுகிற எனக்கு
ஒரு பழைய மடிக்கணினி வேலையாய் வந்தது.

பெரியபட்டினத்தில் ஆயிரத்து இருநூறுக்கு வாங்கியதாம்.
"ஓடும், ஆனா ஓடாது" என்றார்
முதலாளி ஹபீப்.

லினக்ஸ் எழுதிய சிடியைப் போட்டேன்.
உப்புக்காற்று தின்ற மோட்டார்
கிர்ரென்று ஒரு சுற்று
கிரீச்சென்று ஒரு சுற்று
பிறகு மசக்கைக்காரி சோற்றைத் தள்ளுவதுபோல்
தட்டோடு வெளியே தள்ளியது.

துடைத்துப் போட்டேன்.
மெதுவாக ஓடவிட்டு வேறொரு சிடி எழுதிப் போட்டேன்.
பயாஸுக்குள் போய்
சிடிதான் முதல் என்று வரிசையை மாற்றினேன்.
முதல் ஆளாய் நின்றால் மட்டும்
ரேஷன் கடைக்குச் சீனி வந்துவிடுமா.

பென்டிரைவைச் செருகினேன்.
யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை.

வரிசையின் கடைசியில் ஒரு பெயர்,
இத்தனை வருஷமாய் யாரும் கூப்பிடாத பெயர்:
நெட்வொர்க்.

டீசல் பம்பைக் கழற்ற வந்திருந்த பெர்க்மான்ஸ்
என் தோளுக்குப் பின்னால் நின்று
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோனா
சாமியவா கும்புட்டுக்கிட்டு இருப்போம்?
பக்கத்து போட்டுலருந்து
கயிறு போட்டு இழுப்போம்."

ஆபீஸ் கம்ப்யூட்டர் இழுக்கிற போட்டு.
சிசிடிவிக்கு வாங்கி மிஞ்சிய நீலக் கேபிள் கயிறு.
நேரே சேர்த்தால்
வாயும் வாயும் பார்த்துக்கொள்ளும், காது எட்டாது;
ஒரு முனையில் ஆரஞ்சும் பச்சையும்
இடம் மாற வேண்டும்.
பெர்க்மான்ஸ் பல்லால் தோலுரித்தான்.
கிரீஸ் விரலால் முறுக்கி
கறுப்பு டேப்பைச் சுற்றினான்.
டேப்பையும் பல்லால்தான் அறுத்தான்.

இருட்டுத் திரையில்
அது கேபிளுக்குள் கூப்பிட்டது:
யாராவது இருக்கீங்களா,
எனக்கு ஒரு நம்பர் கொடுங்க.
புள்ளி.
புள்ளி.
புள்ளி.
கரண்ட் போனது.

மறுபடி.
புள்ளி. புள்ளி.
நாலாவது புள்ளி வருமுன்
இந்த மேஜையிலிருந்து பதில் போனது.
பெர்க்மான்ஸ் பம்பை மறந்து
ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இந்த டிஸ்கில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா
என்று கேட்டது.
சம்மதம் சொல்லுமுன் எட்டிப் பார்த்தேன்.
இஸ்ஹாக் பயோடேட்டா.
இஸ்ஹாக் பயோடேட்டா புதுசு.
இஸ்ஹாக் கடைசி.
கடைசி இரண்டு.
தம்மாம் கடைசி.
நீலப் பின்னணியில் ஒரு போட்டோ.
கோட்டு யாருடையதோ,
தோள் இரண்டும் அவனைத் தாண்டிப் போயிருந்தன.

"அந்தப் பையன் போயிட்டான்" என்றார் முதலாளி.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
தம்மாமுக்கு என்று
நானே வைத்துக்கொண்டேன்.

வந்த கயிற்றிலேயே அவனை
இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன்.
ஐஸ் பாக்கி என்ற ஃபோல்டருக்குப் பக்கத்தில் இருக்கிறான்.
பிறகு சம்மதம் என்று அமுக்கினேன்.

விடிகாலை மூன்று மணிக்கு முடிந்தது.
பெர்க்மான்ஸ் எப்போதோ போயிருந்தான்.
பம்பு கழற்றியபடியே கிடந்தது.

இப்போது எல்லாம் ஓடுகிறது,
பார் கணக்கு, கடன் கணக்கு, உப்புக் கணக்கு.
ஒன்றுதான்:
உள்ளே பொட்டு அளவு பேட்டரி ஒன்று
செத்துவிட்டது.
காலையில் திறந்தால்
இரண்டாயிரத்து மூன்று, ஜனவரி ஒன்று என்று
அடித்துச் சொல்கிறது.

அக்கரைச் சிறையில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்த
எங்கள் அண்ணன்
கண் விழித்ததும் கேட்பான்,
இன்னைக்கு என்ன கிழமை?
சொல்வோம்.
மறுநாளும் கேட்பான்.
சொல்வோம்.

கம்பெனியைத் திறந்ததும்
முதல் வேலையாகத் தேதியைத் தட்டுகிறேன்.
முப்பது ரூபாய் பேட்டரிதான்.
ராமநாதபுரம் போகும்போது
ஞாபகமாய் வாங்க வேண்டும்.