உள்ளேன் ஐயா

சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கையில்
அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர்.
தமிழில் தலைப்புப் போட்டு
முப்பத்தொரு பிரதி எடுக்கச் சொன்னார் மேனேஜர்.

வேலைக்கு வராததற்குச் சொல் இருக்கிறது,
மட்டம்.
வந்து, ரேகை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு,
திரையைப் பார்த்தபடியே
தன் காய்ச்சலைக் கவனித்துக்கொண்டிருப்பதற்கு?
பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கையில்
பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடப்பவளுக்காகப்
பக்கத்துப் பிள்ளை குரல் கொடுக்கும்,
உள்ளேன் ஐயா.
அதுதான் ஞாபகம் வந்தது.
அலுவலகத் தாளில் அதைப் போட முடியாது.
'வந்தும் வராத நாட்கள்' என்று டைப் செய்தேன்.

கடந்த நான்கு வாரத்தில்
உடம்பு முடியாமல் வந்த நாட்கள் எத்தனை?
என்ன உபாதை?
அன்றைக்கு வேலை பத்துக்கு எவ்வளவு நடந்தது?
பாக்கியை எக்செல் பார்த்துக்கொள்ளும்.
சம்பளம் பதினாலாயிரம், நாள் இருபத்துநான்கு, மணி எட்டு;
வகுத்தால் ஒரு முழுத் தலைவலி
மணிக்கு எழுபத்திரண்டு ரூபாய்
தொண்ணூற்றிரண்டு காசு.

கேஷில் உமையாள்.
ஒற்றைத் தலைவலி வந்தால்
கவுண்டர் விளக்கை அணைத்துவிடுவாள்.
போன செவ்வாய்க்கிழமை ஒரே கட்டை
மூன்று தடவை எண்ணினாள்,
மூன்று தடவையும் சரியாக இருந்தது.
இதில் நஷ்டம் எந்தத் தடவை?

நகை மதிப்பீட்டாளர் சூசைமாணிக்கம்
பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொண்டு
அடகுக்கு வந்த தோட்டை உரைகல்லில் தேய்த்தார்.
வாய் திறக்கவில்லை.
வட்டி குறையுமா என்று யாரும் அவரிடம் கேட்காததால்
அன்று கூட்டம் சீக்கிரம் கலைந்தது.
பத்துக்குப் பதினொன்று போட
கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை தாள்கள் திரும்பின.
இருபத்தொன்பதில் பூஜ்யம்.
ஏப்ரலில் இன்கிரிமென்ட், எல்லோருக்கும் தெரியும்.
அந்த இருபத்தொன்பதில் ஒன்று என் கையெழுத்து,
பாராசிட்டமால் அட்டையின் மேல்
தாளை வைத்து எழுதியதால்
வரி கொஞ்சம் மேடுபள்ளமாக.

மேனேஜர் தாள் வெறுமை.
அவருக்கு வைரஸ் காய்ச்சல்,
உண்மையாகவே வரவில்லை.

மிச்சம் ஒன்று. வசூல் பிரிவு, வயிரவன்:
இருபத்தெட்டு.

"அண்ணே, ஆபீஸ் இருபத்துநாலு நாள்தானே?"
புதுவயல் தவணைச் சீட்டுகளை
ரப்பர் பேண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்
நிமிரவில்லை.
"ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போட்டது.
தட்டு முன்னாடி உக்காந்திருக்கேன்,
எம் பொண்ணு அவ அம்மாட்ட கேக்குது,
அப்பா இன்னும் வரலையான்னு."

உபாதை என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
அதை நான் கேட்கவில்லை.
பைக்கை எடுத்துக் கண்டனூர்ப் பக்கம் போய்விட்டார்.
அந்த மாத வசூலில் அவர்தான் முதல்.

இந்த ஊரில் கணக்கென்றால்
ஐந்தொகை காசு பிசகாமல் நிற்க வேண்டும்.
நிற்காவிட்டால்
விடிய விடியப் பேரேட்டைப் புரட்டுவார்களே தவிர
எண்ணைத் திருத்த மாட்டார்கள்.
இருபத்துநான்கை அலுவலகத்துக்கு எழுதினேன்.
நான்கு நாள் தொங்கியது.
அழிக்க ரப்பர் எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.
ஆள் தெரியாமல் வந்த பணத்தைப் போடுவதுபோல்
சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை
வாசல் மெஷினில் வயிரவன் விரல் வைத்தார்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
மூன்றாவதில் தேங்க் யூ சொன்னது.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து போன்.
காரைக்குடிக் கிளை ஆரோக்கியம் பிரமாதமாம்.
அந்த நாலு நாள் மட்டும் என்ன என்றார்கள்.
சஸ்பென்ஸ் என்றேன்.
மார்ச்சுக்குள் நேர் செய்துவிட வேண்டும் என்றார்கள்.
யார் பேரில் என்று கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.