பதினொன்றுக்கு ஒன்று

அந்த இறுதியாட்டம்
ஒரு குளிர்காலத்தில் முடிவாகி
மறு குளிர்காலத்துக்குத் தள்ளிப்போய்
மூன்றாவதில்தான் நடந்தது.

ஐரோப்பாக் கோப்பைக்கு அப்போது அதுதான் வழக்கம்.
விசா வராது. தேதி ஒத்துவராது.
தேசிய அணிக்கு ஆளெடுத்துப் போய்விடுவார்கள்.
சில ஊர்கள் ரயில் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு
வரவில்லை என்று தந்தி கொடுத்துவிடும்.
வராதவனை வென்றவனும்
ஏட்டில் வென்றவன்தான்.

எங்களுடையது ஆல்ப்ஸ் கணவாய்க்குக் கீழே
மரம் அறுக்கும் ஊர்.
அரங்குக்குக் கூரை கிடையாது.
பனி பெய்தால் நிறுத்திவிட்டுக் கூட்டித் தள்ளுவோம்,
பிறகு ஆடுவோம்.

நான் எகோன் பிராம்ஸ்டாலர்.
வடக்குக் கோலுக்குப் பின்னால், கம்பிவலைக்கு இந்தப்பக்கம்,
ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவன்.
வட்டு கோட்டை முழுசாகத் தாண்டினால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும்.
அவ்வளவுதான் உத்தியோகம். சம்பளம்
இரண்டு குவளை சூடான வைன்.

காத்திருந்த காலத்தில்
தலைவன் லோரென்ஸுக்கு வலது முழங்கால் போனது.
விஜில், எங்கள் இடது ஓரத்து மின்னல்,
மியூனிக்கில் ஃபிரிட்ஜ் விற்கப் போனான்
(குளிரை விட்டு எங்கே போவான் என்று சிரித்தோம்).
கோல்கீப்பர் அன்செல்ம் கல்யாணம் கட்டி
மாமனாரின் பன்றிகளைப் போலவே தடித்தான்.
கடிதம் வந்து சேர்ந்தபோது
அரையிறுதியை வென்றவர்களில்
ஐந்து பேர்தான் மிச்சம்.

கிழக்கிலிருந்து வந்தது ராணுவ அணி.
அவர்கள் ஆடினார்கள் என்று சொல்ல மாட்டேன்.
ஐந்து பேரும் ஒரு கையின் விரல்கள்.
நாங்கள் வட்டைத் துரத்தினோம்;
வட்டு அவர்களைத் தேடிப் போனது,
அந்தி சாய்ந்ததும் மாடு தானாகக் கொட்டிலுக்குப் போவதுபோல.

முதல் பகுதியில் ஐந்துமுறை அழுத்தினேன்.
அன்செல்ம் ஒருமுறைகூடத் திரும்பி
விளக்கைப் பார்க்கவில்லை.

பக்கம் மாறினார்கள்.
இப்போது என் முன்னால் அவர்களுடைய கோல்கீப்பர்.
முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது,
நிறுத்திவைத்த குதிரைக்கு எழும்புமே, அப்படி.
லோரென்ஸ் அந்தக் காலோடு பாய்ந்தான்.
மட்டை, சறுக்குக் கத்தி, முழங்கை, பனித்தூள்,
மூன்று பேர் குவியலாக விழுந்தார்கள்.
குவியலுக்கு அடியிலிருந்து
வட்டு நிதானமாக உருண்டுவந்து
கோட்டின் மேல் படுத்தது.

கோட்டின் மேல்.
எள்ளளவு பாக்கி.
என்னைத் தவிர யாருக்கும் தெரியாத எள்.

விரல் என்னைக் கேட்கவில்லை.

ஊர் மொத்தமும் கத்தியதில்
ஊசியிலை மரங்களில் பனி உதிர்ந்தது.
அவன் எழுந்தான். விளக்கைப் பார்த்தான்.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கம்பிவலை வழியே என்னைப் பார்த்தான்.
இருபது வயதிருக்கும். மீசை இன்னும் சரியாக வரவில்லை.
நடுவரைக் கூப்பிடுவான் என்றிருந்தேன்.
கூப்பிடவில்லை. மட்டையின் நுனியால்
வட்டை மெல்லத் தொட்டு
அந்த எள்ளளவையும்
தாண்ட வைத்தான்.

பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டான்.

திரும்பு ஆட்டத்துக்கு நாங்கள் போகவில்லை.
ரயில் கட்டணம்.

அந்தக் கோப்பை அதற்கப்புறம் பெயர் மாற்றிக்கொண்டது,
பணம் தீர்ந்து நின்றது,
வேறு பெயரில் திரும்ப வந்தது, திரும்ப நின்றது.
இப்போதும் நடக்கிறது ஒன்று.
கோலுக்கு மேலே கேமரா தொங்குகிறது;
எள்ளையும் எண்ணும்.
மரப்பெட்டிக்குள் யாரும் உட்காருவதில்லை.

சங்கத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்:
பதினொன்றுக்கு ஒன்று.
பதினொன்றின் வாலிலும் ஒரு ஒன்று தொங்குகிறது,
அதை யார் அடித்தார் என்று எவரும் கேட்பதில்லை.
எங்கள் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.
லோரென்ஸ் சாகும்வரை சொன்னான்,
இடது கணுக்காலைத் தாண்டி, தாழ்வாக, என்று.
நான் தலையாட்டினேன்.

அந்தப் பையன் செய்தது
பிச்சையா, ஏளனமா, வெறும் அலுப்பா?
அருகில்தான் இருந்தான். கம்பியில் விரல் நுழைத்துக்
கேட்டிருக்கலாம்.
ஆனால் மூன்றாம் பகுதிக்குப் பக்கம் மாறிவிட்டது.
அன்செல்ம் மூச்சிரைத்தபடி என் முன்னால் வந்து நின்றான்.

இன்னும் நாலுமுறை அழுத்த வேண்டியிருந்தது.
நாலும் சுத்தமான கோல்.